சமையலறை டியூப் லைட்: இரண்டு முனையும் சிவக்கிறது, நடுவில் எரியவில்லை

#1 | தேக்கா மகள் | வியாழன், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் அங் மோ கியோவில் அம்மா இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், சமையலறையின் நான்கடி டியூப் லைட் நேற்று மாலையிலிருந்து எரியவில்லை. சுவிட்சைப் போட்டால் டியூப்பின் இரண்டு முனைகளிலும் ஆரஞ்சு நிறத்தில் மங்கலான வெளிச்சம் தெரிகிறது. நடுப்பகுதி இருட்டாகவே கிடக்கிறது. மினுக்கவும் இல்லை, அப்படியே நிற்கிறது.

அம்மா காலை 5 மணிக்கே எழுந்து சமைப்பவர். இன்று கைப்பேசி வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் விசாரித்தால் மொத்த செட்டையும் மாற்ற வேண்டும், ஆள் அனுப்ப 90 வெள்ளி (டாலர்) ஆகும் என்கிறார்கள். உண்மையிலேயே எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா? எனக்கு மின்வேலை தெரியாது, ஆனால் சொன்னால் புரிந்துகொள்வேன்.

#2 | பழைய வயர்மேன் | வியாழன், இரவு 9.50

தங்கச்சி, முதலில் அந்த சுவிட்சை அணைத்து வையுங்கள். முனைகள் சிவந்த நிலையில் விளக்கை விட்டு வைக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டியூப்பின் ஒவ்வொரு முனையிலும் மெல்லிய இழை ஒன்று இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் மின்சாரம் சோக் எனும் கம்பிச் சுருள் வழியாக ஒரு முனை இழைக்குள் போய், அங்கிருந்து ஸ்டார்ட்டருக்குள் நுழைந்து, மறு முனை இழை வழியாகத் திரும்புகிறது. அந்த வெள்ளை ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் வாயு அடைத்த சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு உலோக முனைகள். அதில் ஒன்று, சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. 230 வோல்ட் பட்டதும் குமிழுக்குள் வாயு ஒளிர்ந்து, பட்டை சூடாகி, வளைந்து போய் மறு முனையைத் தொடும். தொட்டதும் இழைகள் வழியாக நல்ல ஓட்டம் போய் அவை சிவக்கும். ஆனால் தொட்ட பிறகு குமிழில் ஒளிர்வு நின்றுவிடுவதால் பட்டை ஆறி, பிரிந்து வரும்.

அந்தப் பிரியும் நொடியில்தான் விஷயமே இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் திடீரென்று அறுபடுவதை சோக் பொறுக்காது. பல நூறு வோல்ட்டுக்கு ஒரு உதை கொடுக்கும். அந்த உதையில்தான் டியூப் முழுவதும் பற்றிக்கொள்கிறது.

உங்கள் விளக்கில் பட்டை தொட்டுவிட்டது, பிரியவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் குட்டி கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். இரண்டில் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான், புது ஸ்டார்ட்டர். பற்றி எரியும்போது ஓடுவதைவிட இப்போது அதிக மின்னோட்டம் சோக் வழியாக ஓடுகிறது. நாள் முழுக்க அப்படியே விட்டால் சோக் சூடாகிச் சுருளே கெட்டுப்போகும். ஒரு வெள்ளி சாமானால் வந்த கோளாறு பெரிய செலவாகிவிடும்.

டியூப் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். முனைகள் கறுத்திருக்கின்றனவா என்பதையும்.

#3 | தேக்கா மகள் | வியாழன், இரவு 10.15

அணைத்துவிட்டேன் ஐயா, இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. டியூப் மேல் "36 வாட், 54-765" என்று இருக்கிறது. முனைகளில் லேசான சாம்பல் நிறம் தெரிகிறது, கரி போலக் கறுக்கவில்லை. எரியும்போது "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும், அது பல வருடமாக இருக்கிறது.

#4 | பாலிடெக் மாணவன் | வியாழன், இரவு 10.31

அக்கா, உடனே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. விளக்கு போட்டு, முனைகள் சிவந்திருக்கும்போதே ஸ்டார்ட்டரை இடது பக்கம் திருகி வெளியே எடுங்கள். டியூப் உடனே பற்றிக்கொண்டால் ஸ்டார்ட்டர்தான் குற்றவாளி. பட்டை செய்ய வேண்டிய வேலையை நம் கையே செய்கிறது. டியூப்பும் சோக்கும் நல்லவை என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். லேபில் நாங்கள் இப்படித்தான் பார்த்தோம்.

#5 | பழைய வயர்மேன் | வியாழன், இரவு 10.58

தம்பி சொன்னது தப்பில்லை. அந்த வழி எனக்கும் தெரியும், பட்டறையில் பல தடவை செய்திருக்கிறேன். ஆனால் லேப் மேசை வேறு, ஸ்டூல் மேல் ஏறித் தலைக்கு மேல் கையை நீட்டி நிற்கும் சமையலறை வேறு. மேல் மூடி கழன்ற பழைய பட்டியில் (டியூப்பைத் தாங்கும் நீளச் சட்டத்தில்) எந்த வயர் எங்கே உரிந்திருக்கிறது என்று கீழேயிருந்து தெரியாது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதும் தெரியாது. மின்சாரம் ஓடும்போது அதில் கை வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஸ்டார்ட்டர் விலை ஒரு வெள்ளியைச் சுற்றித்தான். சோதிக்காமலே மாற்றிவிடலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவர் சுவிட்சை அணையுங்கள். அதோடு நிற்காமல் டிபி பெட்டியில், அதாவது வீட்டின் மின்விநியோகப் பெட்டியில், விளக்குகளுக்கான எம்சிபி என்ற சின்ன சுவிட்சையும் கீழே தள்ளுங்கள். சுவர் சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டுகிறது. மின்சாரம் கொண்டு வரும் லைவ் வயருக்குப் பதில் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் யாரோ சுவிட்சை மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் பட்டியில் உயிர் இருக்கும். பிறகு பழைய ஸ்டார்ட்டரைக் கால் சுற்று இடது பக்கம் திருப்பி இழுங்கள், புதியதைச் செருகி வலது பக்கம் திருப்புங்கள்.

#6 | பிடோக் வாசகி | வெள்ளி, காலை 7.05

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இந்த உரையாடலைப் படிக்கும் எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு 71 வயது. போன வருடம் இதே போல ஸ்டார்ட்டர் மாற்ற பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினார். மின்சாரம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கால் இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆறு மாதம் நடக்க முடியவில்லை. எம்சிபியை அணைத்தாரா என்று எல்லாரும் கேட்டார்கள், ஏணியை யார் பிடித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தேக்கா மகள், தயவுசெய்து அம்மாவை ஏற விடாதீர்கள். நீங்கள் ஏறும்போதும் அகலமான படி ஏணி வையுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சமையலறைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் துடையுங்கள்.

#7 | தேக்கா மகள் | வெள்ளி, இரவு 8.20

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஏணி வாங்கினேன், அவரே வந்து பிடித்தும் கொண்டார். மாமியார் நன்றாக நடமாடட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வேலை முடிந்து வரும் வழியில் அவசரத்தில் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கி வந்து மாட்டினேன். இப்போது புதுப் பிரச்சினை. டியூப் பற்றுகிறது, ஒரு நொடியில் அணைகிறது, மறுபடி பற்றுகிறது. கண் வலிக்கும் அளவுக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து அணைத்துவிட்டேன். அப்படியானால் டியூப்பும் போய்விட்டதா?

#8 | பழைய வயர்மேன் | வெள்ளி, இரவு 8.34

ஸ்டார்ட்டர் மேல் என்ன எழுதியிருக்கிறது?

#9 | தேக்கா மகள் | வெள்ளி, இரவு 8.41

"எஸ்2, 4-22 வாட்" என்று இருக்கிறது.

#10 | பழைய வயர்மேன் | வெள்ளி, இரவு 9.03

அதுதான். டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நல்ல டியூப்.

எஸ்2 ரகம் குறைந்த வோல்ட்டேஜுக்கானது. இரண்டடி 18 வாட் டியூப் இரண்டை ஒரே சோக்கில் வரிசையாக மாட்டும்போது, ஆளுக்கு ஒன்று என்று அதைப் போடுவார்கள். உங்கள் நான்கடி 36 வாட் டியூப் தனியாக எரிகிறது. எரியும்போது அதன் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 100 வோல்ட் நிற்கும். சரியான ஸ்டார்ட்டருக்கு அந்த 100 வோல்ட் போதாது, அதனால் டியூப் பற்றியதும் அது தூங்கிவிடும். எஸ்2 தூங்காது. அந்த வோல்ட்டேஜிலேயே அது மறுபடி ஒளிர்ந்து, தொட்டு, எரிகிற டியூப்பை அணைத்துவிடும். பிறகு பிரியும், பற்றும், மறுபடி தொடும். நீங்கள் பார்த்தது அதுதான்.

உங்களுக்கு வேண்டியது எஸ்10, 4-65 வாட் அல்லது 4-80 வாட் என்று எழுதியிருக்கும். எஸ்2, எஸ்10 இரண்டும் உருவத்தில் ஒன்று, ஹோல்டரில் ஒரே மாதிரி பொருந்தும். அதனால்தான் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது. கடையில் "டியூப் லைட் ஸ்டார்ட்டர்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். பழையதைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

#11 | தேக்கா மகள் | சனி, மதியம் 1.10

எரிகிறது! பழைய ஸ்டார்ட்டரைத் தேக்கா பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் காட்டி எஸ்10 வாங்கினேன், 1 வெள்ளி 20 காசு. போட்டதும் இரண்டு மினுக்கு, அப்புறம் நிலையாக எரிகிறது. அம்மா ஐயாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

#12 | தோ பாயோ 4 | சனி, பிற்பகல் 3.40

நல்ல உரையாடல். இதே இடத்தில் கேட்டுவிடுகிறேன். எங்கள் அறையில் வட்ட டியூப், 32 வாட். போட்டால் எதுவுமே இல்லை, முனை கூடச் சிவக்கவில்லை. ஸ்டார்ட்டரைத் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை. சின்ன வெள்ளைப் பெட்டி மட்டும் இருக்கிறது.

#13 | பாலிடெக் மாணவன் | சனி, மாலை 4.02

அண்ணன், அது எலக்ட்ரானிக் பாலஸ்ட். சோக், ஸ்டார்ட்டர் இரண்டின் வேலையையும் அந்தப் பெட்டியே செய்கிறது. உள்ளே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பல்லாயிரம் ஹெர்ட்ஸாக மாற்றுகிறது, அதனால்தான் சத்தமும் மினுக்கலும் இருக்காது.

எம்சிபியை அணைத்துவிட்டு டியூப்பின் நாலு முள் சாக்கெட்டைக் கழற்றி, மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். வட்ட டியூப்பில் அந்த சாக்கெட் தளர்வது நிறைய நடக்கும். அதிலும் எரியவில்லை என்றால் நன்றாக எரியும் வேறொரு 32 வாட் டியூப்பைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் பாலஸ்ட். அதைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் வோல்ட்டேஜ் நிற்கும்.

#14 | தோ பாயோ 4 | சனி, மாலை 5.25

சாக்கெட்தான். அழுத்தியதும் "டக்" என்றது, எரிகிறது. நன்றி தம்பி.

#15 | பொங்கோல் பொறியாளர் | சனி, இரவு 9.30

எல்லாரும் நன்றாக உதவுகிறீர்கள், ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வி. இந்தக் காலத்தில் ஏன் இன்னும் டியூப் லைட்டைப் பழுது பார்க்க வேண்டும்?

கணக்கு இது. 36 வாட் டியூப், சோக்கில் வீணாவது இன்னும் 9 வாட் போல, மொத்தம் 45 வாட். அதே வெளிச்சத்துக்கு எல்இடி 18 வாட் போதும். தினம் 6 மணி நேரம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 59 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் 18 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. எல்இடி டியூப்பின் விலை ஒரே வருடத்தில் திரும்பிவிடும்.

அதுபோக, வீவக வீட்டில் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். எல்இடி விளக்கும் அதில் வாங்கலாம், 2027 டிசம்பர் 31 வரை செல்லும். இன்னொன்று, டியூப்புக்குள் பாதரசம் இருக்கிறது, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் இருக்கிறது. 2023இல் ஜெனீவாவில் நடந்த கூட்டத்தில், 765 என்று எழுதிய பழைய ரக டியூப்புகளின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2026 முடிவோடு நிற்க வேண்டும், 840, 865 ரகங்கள் 2027 முடிவோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இனி டியூப் கிடைப்பதே கடினமாகும்.

#16 | பழைய வயர்மேன் | சனி, இரவு 10.20

கணக்கு சரி. எல்இடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் ஹாலில் அதுதான். ஆனால் விளக்கு அணைந்த அன்று இரவு அவசரத்தில் எல்இடி டியூப்பை வாங்கிப் பழைய பட்டியில் செருகுவதில்தான் எனக்குப் பயம். அதில் நான் பார்த்த தப்புகளைச் சொல்லியாக வேண்டும்.

பழைய பட்டியில் நேரடியாகப் போடும் எல்இடி டியூப்போடு ஸ்டார்ட்டர் மாதிரியே ஒன்று கொடுப்பார்கள். அது ஸ்டார்ட்டர் இல்லை. உள்ளே ஒரு ஃபியூஸ் மட்டும்தான், அதாவது நேர் இணைப்பு. எல்இடிக்கு அது வேண்டும். பிறகு யாராவது அந்தப் பட்டியில் மறுபடி சாதாரண டியூப்பைப் போட்டால் என்ன ஆகும்? தங்கச்சிக்கு வியாழக்கிழமை நடந்ததே ஆகும். முனைகள் சிவந்து நிற்கும், சோக் வேகும். ஆகவே எல்இடிக்கு மாற்றினால் பட்டியின் மேல் "எல்இடி மட்டும்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருபவருக்கு அது உதவும்.

அடுத்தது, அந்த ரக எல்இடி டியூப் சோக் வைத்த பட்டிக்குத்தான். தோ பாயோ நண்பர் வீட்டில் இருப்பது போன்ற எலக்ட்ரானிக் பாலஸ்டில் போடக் கூடாது, அட்டையில் பொருந்தும் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய.

சோக்கை எடுத்துவிட்டு நேராக 230 வோல்ட்டை ஹோல்டருக்குக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் லைவ் ஒரு முனையிலும் நியூட்ரல் மறு முனையிலும் வரும் டியூப்பாக இருந்தால், ஒரு பக்கத்தைச் செருகி மறு பக்கத்தைக் கையில் பிடித்திருக்கும்போது அந்த முள்ளில் மின்சாரம் வரக்கூடும். வயரிங்கை மாற்றும் வேலை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான். டியூப்பும் ஸ்டார்ட்டரும் நாம் மாற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். பழைய வீட்டில் வயர் நிறமே குழப்பும். முன்பெல்லாம் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. 2009இல் லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம் என்று மாறியது. ஒரே கூரைக்குள் இரண்டும் கலந்து கிடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

#17 | பொங்கோல் பொறியாளர் | சனி, இரவு 10.41

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. அந்த ஃபியூஸ் ஸ்டார்ட்டர் விஷயம் எனக்கே தெரியாது. என் பெற்றோர் வீட்டில் இரண்டு இடத்தில் எல்இடி போட்டிருக்கிறேன், நாளைக்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

#18 | தேக்கா மகள் | செவ்வாய், இரவு 7.48

மறுபடி வந்துவிட்டேன். மூன்று நாள் நன்றாக எரிந்தது. இன்று மாலை அம்மா சுவிட்சைப் போட்டபோது எதுவுமே இல்லை. முனை சிவக்கவில்லை, மினுக்கவில்லை, "ம்ம்ம்" சத்தமும் இல்லை. டிபி பெட்டியைப் பார்த்தேன், எம்சிபி எல்லாம் மேலேதான் இருக்கிறது. ஹால் விளக்கு எரிகிறது.

#19 | பழைய வயர்மேன் | செவ்வாய், இரவு 8.15

வருத்தப்படாதீர்கள், இது வேறு நோய். முனைகூடச் சிவக்காவிட்டால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. சோக், ஒரு இழை, ஸ்டார்ட்டர், இன்னொரு இழை என்று எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால், எந்த ஒரு இடம் விட்டாலும் மொத்தமும் அமைதியாகிவிடும்.

சமையலறையில் முதலில் நான் சந்தேகப்படுவது டியூப்பின் முள் உட்காரும் ஹோல்டரைத்தான். எண்ணெய்ப் புகை வருடக்கணக்கில் படிந்து செம்புத் தகடு கறுத்துவிடும். சூட்டில் பிளாஸ்டிக்கும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எம்சிபியை அணைத்துவிட்டு டியூப்பைக் கால் சுற்று திருப்பி இறக்குங்கள். முட்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். மறுபடி ஏற்றி, "க்ளிக்" என்று பூட்டுகிறதா பாருங்கள். டியூப்பைக் கழற்றி வைத்திருக்கும்போது, யாரிடமாவது மல்டிமீட்டர் இருந்தால் ஒரே முனையில் இருக்கும் இரண்டு முட்களுக்கு நடுவே மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். சில ஓம் காட்டினால் இழை உயிரோடு இருக்கிறது. இரண்டு முனையிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள்.

#20 | பாலிடெக் மாணவன் | செவ்வாய், இரவு 8.22

அக்கா, நான் ஈசூனில்தான் இருக்கிறேன். உங்களிடம் மல்டிமீட்டர் இல்லாவிட்டால் நாளை பாடம் முடிந்து வரும் வழியில் அங் மோ கியோ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கொடுக்கிறேன். மின்சாரம் இல்லாத டியூப்பில் மட்டும் வையுங்கள், உச்சவரம்பில் இருக்கும் பட்டியில் வைக்க வேண்டாம்.

#21 | தேக்கா மகள் | புதன், இரவு 9.05

தம்பியின் மீட்டரால் பார்த்தாயிற்று. ஒரு முனை 3 ஓம், மறு முனை 3 ஓமுக்குச் சற்று மேல். டியூப் நல்லது என்றுதானே அர்த்தம்? ஆனால் டியூப்பை ஏற்றியபோது ஜன்னல் பக்க ஹோல்டர் "க்ளிக்" சொல்லவில்லை. டியூப் லூசாகச் சுழல்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக்கில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். உள்ளே தகடு பழுப்பாகிவிட்டது. போன வாரம் நான் ஸ்டார்ட்டர் மாற்றும்போது டியூப்பையும் தேவையில்லாமல் திருகிப் பார்த்தேன், அப்போது விரிந்திருக்கும்.

#22 | பழைய வயர்மேன் | புதன், இரவு 9.20

உங்கள் கை பட்டு விரிந்ததில்லை. பல வருடச் சூடு அதை ஏற்கெனவே நொறுக்கி வைத்திருந்தது. இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் விட்டிருக்கும்.

இங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். ஹோல்டரை மாற்ற வயரைக் கழற்றி மாட்ட வேண்டும், அது உரிமம் உள்ள ஆளின் வேலை. ஆனால் இப்போது நீங்கள் அவரிடம் "லைட் எரியவில்லை" என்று சொல்லப் போவதில்லை. "டியூப் நல்லது, ஸ்டார்ட்டர் புதிது, ஜன்னல் பக்க ஹோல்டர் விரிந்திருக்கிறது, இரண்டு ஹோல்டரையும் மாற்றித் தர எவ்வளவு" என்று கேளுங்கள். நோயைத் தெரிந்து கேட்பவரிடம் மொத்த செட்டையும் மாற்றச் சொல்வது குறைவு. விரிந்த ஹோல்டரில் டியூப்பை மாட்டி வைக்காதீர்கள், தலையில் விழும்.

இன்னொன்று. அது எந்த வருட புளோக்? 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கலாம். 2025 ஜூலை 1க்குள் எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கசியும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் வெட்டிவிடும் கருவி அது. டிபி பெட்டியில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள்.

#23 | தேக்கா மகள் | புதன், இரவு 9.33

1979இல் கட்டிய புளோக் ஐயா. டெஸ்ட் பொத்தான் இருக்கிறது. அப்பா இருந்தபோது மாட்டியிருக்க வேண்டும். அழுத்தினேன், வீடு முழுக்க அணைந்தது, மறுபடி மேலே தள்ளியதும் வந்துவிட்டது.

#24 | பழைய வயர்மேன் | புதன், இரவு 9.40

நல்ல மனிதர். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள்.

#25 | பிடோக் வாசகி | வியாழன், காலை 8.15

பழைய டியூப்பைத் தூக்கிப் போடும் நாள் வந்தால் ஒரு விஷயம். அதற்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, சில மில்லிகிராம்தான், ஆனால் குப்பைச் சரிவுக் குழாயில் போட்டால் கீழே விழுந்து உடைந்து வெளியே வந்துவிடும். 2021 ஜூலை முதல் சிங்கப்பூரில் மின்கழிவுத் திட்டத்தின் கீழ் விளக்குகளையும் திரும்பப் பெறுகிறார்கள். நான்கடி டியூப் எல்லாப் பெட்டியிலும் நுழையாது, எந்த இடத்தில் வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள். புது டியூப் வந்த அட்டை உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் பழையதை அதிலேயே போட்டுக் கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டில் ஒரு தடவை டியூப் உடைந்தபோது நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். உடனே வெக்குவம் போட்டேன். அது பாதரசத்தைக் காற்றில் பரப்பும் என்று அப்போது தெரியாது. குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, விசிறியை அணைத்து, கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சப் பொடியை ஒட்டும் டேப்பால் எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைக்க வேண்டும். வெறும் கையால் தொடக் கூடாது.

#26 | தேக்கா மகள் | சனி, காலை 6.20

நேற்று எலக்ட்ரீஷியன் வந்தார். ஐயா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். அவர் டியூப்பைக் கழற்றி ஹோல்டரைப் பார்த்து, "சரியாகச் சொன்னீர்கள்" என்றார். இரண்டு ஹோல்டரும் மாற்றி, எர்த் வயர் தளர்ந்திருந்ததை இறுக்கி, வந்து போன கூலியோடு 45 வெள்ளி வாங்கினார். சோக் இன்னும் சில வருடம் வரும், அது போகும்போது பட்டியோடு எல்இடிக்கு மாறிவிடுங்கள் என்றார். அம்மாவின் பற்றுச்சீட்டு இன்னும் இருக்கிறது, அதற்கென்று வைத்திருக்கிறோம்.

தம்பி, உங்கள் மீட்டரை இன்று மாலை 6 மணிக்கு எம்ஆர்டியில் கொண்டு வந்து தருகிறேன். அம்மா உங்களுக்கு ஒரு டப்பா முறுக்கு கட்டி வைத்திருக்கிறார். இப்போதுதான் சுட்டு முடித்தார், நல்ல வெளிச்சத்தில்.